பிரிண்டருக்கு ஒரு சொந்த முகவரி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் நான். "பிரிண்ட் வரல, கொஞ்சம் வந்து பாருங்க" என்று எந்த ஆபீஸிலிருந்து போன் வந்தாலும் முதலில் நான் கேட்பது ஒன்றைத்தான்: "பிரிண்டர் எந்த சிஸ்டத்துல மாட்டியிருக்கு?"

"கணக்குப்பிள்ளை அண்ணன் சிஸ்டத்துல" என்று பதில் வந்தால் பாதி விஷயம் போனிலேயே புரிந்துவிடும். ஒரே ஒரு சிஸ்டத்தோடு யுஎஸ்பி கேபிளில் பிரிண்டரைக் கட்டிப்போட்டிருப்பார்கள். அந்த சிஸ்டத்தில் ஷேர் கொடுத்து, மற்ற நாலைந்து பேரும் அதன் வழியாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு லீவு போட்டிருப்பார். அல்லது சாப்பிடப் போகும்போது சிஸ்டத்தை அணைத்திருப்பார். அல்லது அது தானாகத் தூங்கப் போயிருக்கும். உடனே மற்ற எல்லோர் திரையிலும் 'ஆஃப்லைன்'. பிரிண்டர் கண் முன்னே பச்சை விளக்கோடு தயாராக இருக்கிறது, தட்டில் பேப்பர் இருக்கிறது, டோனர் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம்கூட வராது. அண்ணனுடைய பாஸ்வேர்டும் யாருக்கும் தெரியாது.

சாதாரண நாளில் இது சின்னத் தொந்தரவு. செப்டம்பர் கடைசி வாரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நடந்தால் அப்படி இல்லை. வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. கையெழுத்துப் போட வேண்டிய கட்சிக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே ஒரு பெண் பிள்ளை பைலைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒருவருடைய வரவு செலவு முழுவதும் அந்தப் பென்டிரைவில் இருக்கிறது. அது யார் யார் சிஸ்டத்தில் எல்லாம் ஏறி இறங்குகிறது என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

ஆபீஸ் பிரிண்டர் ஆபீஸுக்குச் சொந்தமானது. அது எந்த ஒருவருடைய சிஸ்டத்தையும் நம்பி இருக்கக் கூடாது. நெட்வொர்க்கில் தனக்கென்று ஒரு மாறாத முகவரியோடு தனியாக நிற்க வேண்டும், அந்த முகவரி ஆபீஸில் ஒரு தாளில் எழுதி இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் ஏன், எப்படி என்பதில் நிறைய இருக்கிறது.

முதலில் ஷேரிங். இது தப்பான வழி இல்லை. ஒரு காலத்தில் நெட்வொர்க் வசதி உள்ள பிரிண்டர் நல்ல விலை. யுஎஸ்பி பிரிண்டரை ஒரு சிஸ்டத்தில் மாட்டி ஷேர் செய்வதுதான் சின்ன ஆபீஸுக்குக் கட்டுப்படியான வழி. நீங்கள் பிரிண்ட் கொடுத்ததும் அந்த வேலை உங்கள் சிஸ்டத்திலிருந்து கிளம்பி, பிரிண்டர் மாட்டிய சிஸ்டத்தின் ஸ்பூலரில் போய் வரிசையில் நிற்கும். அங்கிருந்து யுஎஸ்பி வழியாகப் பிரிண்டருக்குப் போகும். நடுவில் இருக்கிற அந்த சிஸ்டம் விழித்திருக்க வேண்டும். அதன் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இல்லாமல் 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும், ஏனென்றால் பப்ளிக்கில் விண்டோஸ் ஷேரிங்கை மூடிவைத்திருக்கும். விண்டோஸின் காவல்காரனான பயர்வால் உள்ளே வர அனுமதிக்க வேண்டும். உள்ளே வருகிறவருக்கு அந்த சிஸ்டத்தில் ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் இருக்க வேண்டும். இத்தனை கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால்தான் ஒரு பக்கம் பிரிண்ட் வரும்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே வந்துச்சு?" என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் எதையும் தொடவில்லை. மாறியது விண்டோஸ். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, சிஸ்டங்கள் பைலையும் பிரிண்டரையும் பகிரப் பேசிக்கொள்ளும் முறையான எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பு புதிதாக விண்டோஸ் போடும்போது வருவதில்லை. சிஸ்டங்களுக்குள் சுலபமாகப் பகிர உதவிய ஹோம்குரூப் வசதியை 2018இல் எடுத்துவிட்டார்கள். அடுத்து 2021 ஒரு பெரிய வருஷம். 'பிரிண்ட் நைட்மேர்' என்று பெயர் வாங்கிய ஓட்டை வெளியே தெரிந்தது அப்போதுதான். ஸ்பூலர் என்பது விண்டோஸுக்குள் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுகிற சேவை. அதன் வழியாக ஒரு போலி டிரைவரை (பிரிண்டரை இயக்குகிற மென்பொருளை) உள்ளே தள்ளினால், மொத்த சிஸ்டத்தையும் கைக்குள் கொண்டுவந்துவிடலாம். ஜூலையில் அவசரமாக அடைத்தார்கள். ஆகஸ்டிலிருந்து ஷேர் பிரிண்டரின் டிரைவரைப் போட அட்மின் அனுமதி கட்டாயம் என்றானது. செப்டம்பரில் வேறொரு பாதுகாப்புக் கட்டுப்பாடு வந்தது, '11பி' என்று முடிகிற எரர் ஊர் முழுக்கத் திரையில் வர ஆரம்பித்தது. 709 என்று முடிகிற எரரும் அதோடு சேர்ந்துகொண்டது.

அந்த நேரத்தில் பலர் வீடியோ பார்த்து அப்டேட்டையே அழித்தார்கள். அல்லது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கி அந்தப் பாதுகாப்பை முடக்கினார்கள். பிரிண்ட் வந்தது உண்மை. ஆனால் அடைத்த ஓட்டையைத் தன் கையாலேயே திறந்து வைத்தார்கள் என்பதும் உண்மை. ஊராருடைய பான் எண், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிற சிஸ்டத்தில் அதைச் செய்ய எனக்குச் சம்மதம் இல்லை. கேட்கிறவர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன்.

அதோடு முடியவில்லை. 2022இல் வந்த விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பு, சிஸ்டத்துக்கும் சிஸ்டத்துக்கும் இடையே பிரிண்ட் வேலை பேசிக்கொள்ளும் வழியையே மாற்றியது. 2024இல் வந்த 24எச்2, பாஸ்வேர்டு இல்லாமல் 'கெஸ்ட்' என்று நுழைவதை ப்ரோ பதிப்பிலும் மூடியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. அதனால் ஒரே ஆபீஸில் இரண்டு புது சிஸ்டமும் மூன்று பழைய சிஸ்டமும் இருப்பது இப்போது சர்வ சாதாரணம். பழையதில் ஷேர் கொடுத்து, புதியதில் எடுக்கப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாதுகாப்பு சார்ந்த காரணம் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஷேரிங்கை நம்பி இருக்கிற ஆபீஸுக்கு இது வருஷா வருஷம் வரும் தலைவலி. பிரிண்டர் தன் சொந்தக் காலில் நெட்வொர்க்கில் நின்றால் இதில் பெரும்பகுதி உங்களைத் தொடாது. ஒவ்வொரு சிஸ்டமும் நேராகப் பிரிண்டரோடு பேசும். நடுவில் இன்னொரு விண்டோஸ் கிடையாது.

இனி முகவரிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டைத் தேடிப் போனால் கதவு எண் உதவாது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்து 'இன்ன விலாசத்து வீடு' என்று சொன்னால், சின்னப் பிள்ளைகூட வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடும். வீட்டுக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருந்தாலும் விலாசம் மாறாது. பிரிண்டருக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஆனால் ரவுட்டர் அப்படிக் கொடுப்பதில்லை. பொதுவாக வருகிறவருக்கெல்லாம் கையில் இருக்கிற ஒரு முகவரியை, கொஞ்ச காலத்துக்கு என்று கொடுத்து அனுப்பும். பிரிண்டருக்கும் அப்படித்தான், டீ வாங்கி வருகிற தம்பியின் போனுக்கும் அப்படித்தான்.

இதன் விளைவை எங்கள் ஊரில் தெளிவாகப் பார்க்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தி மாலையில் கொடுப்பார்கள். ரவுட்டர் புதிதாக எழுந்திருக்கும். எந்த முகவரியை யாருக்குக் கொடுத்தோம் என்பது பல சின்ன ரவுட்டர்களுக்கு அணைந்து எழுந்த பின் நினைவில் இருக்காது. மறுநாள் காலை முதலில் வந்து சேர்கிற போனுக்குப் பிரிண்டருடைய பழைய முகவரி போய்விடும், பிரிண்டருக்கு வேறொன்று கிடைக்கும். சிஸ்டங்கள் எல்லாம் பழைய முகவரிக்கே பக்கங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். "கரண்ட் போயிட்டு வந்ததுல பிரிண்டர் கெட்டுப்போச்சு தம்பி" என்பார்கள். பிரிண்டர் கெடவே இல்லை.

நான் செய்கிற முறை இது. பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை அச்சடித்து எடுப்பேன். அதில் இப்போதைய ஐபி முகவரி இருக்கும். பிறகு ரவுட்டருக்குள் போய், அது தானாக வழங்குகிற முகவரிகள் 192.168.1.100இலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று வரம்பு கட்டுவேன். நூறுக்குக் கீழே உள்ளது நம் கையில். பிரிண்டருக்கு 192.168.1.50 என்று பிரிண்டரிலேயே நிலையாக எழுதிவிடுவேன். வரம்பு கட்டாமல் பிரிண்டரில் மட்டும் நிலையான முகவரி எழுதினால், என்றைக்காவது ஒரு நாள் ரவுட்டர் அதே முகவரியை இன்னொரு போனுக்குக் கொடுத்துவிடும். இரண்டும் மோதி, ஒரு பிரிண்ட் வரும், அடுத்தது வராது. கண்டுபிடிக்கக் கஷ்டமான கோளாறு அது.

ரவுட்டரிலேயே 'இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த முகவரி' என்று ஒதுக்கிவைக்கும் வசதியும் உண்டு. பலர் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள், தப்பில்லை. நான் பிரிண்டரிலேயே எழுதுவதற்குக் காரணம், இங்கே ரவுட்டர் பெரும்பாலும் ஃபைபர் கம்பெனிக்காரர் கொடுத்தது. இடி விழுந்து போனால் அவர்கள் வந்து வேறு மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் ஒதுக்கிவைத்தது பழைய ரவுட்டரோடு போய்விடும். புது ரவுட்டர் 192.168.29 என்று வேறு வரிசையில்கூட வரலாம். அப்போது புது ரவுட்டரின் சொந்த முகவரியைப் பழையபடி 192.168.1.1 ஆக்கி, வரம்பை நூறிலிருந்து என்று வைத்துவிட்டால் போதும். கேபிளில் இருக்கிற பிரிண்டர் உட்பட எல்லாம் பழையபடி ஓடும், ஒரு சிஸ்டத்தையும் தொட வேண்டாம்.

அடுத்தது சிஸ்டத்தில் சேர்ப்பது. விண்டோஸ் தானாகத் தேடி "இதோ உங்கள் பிரிண்டர்" என்று காட்டும். அதைச் சொடுக்கினால் உடனே பிரிண்டும் வரும். பெரும்பாலோர் அங்கேயே முடித்துக்கொள்வார்கள். ஆனால் அப்படிச் சேர்த்ததில் பல நேரம் 'டபிள்யூஎஸ்டி' என்ற போர்ட்டில்தான் (விண்டோஸ் பிரிண்டரோடு பேசுகிற வழி) உட்காரும். அது பிரிண்டரை ஒவ்வொரு முறையும் தேடிக் கண்டுபிடிக்கிற முறை, தேடல் தவறினால் ஆஃப்லைன் என்று நிற்கும். அதனால் 'நான் தேடுகிற பிரிண்டர் பட்டியலில் இல்லை' என்ற வரியைச் சொடுக்கி, 'டிசிபி ஐபி முகவரி' என்பதைத் தேர்ந்து, 192.168.1.50 என்று கையால் எழுத வேண்டும். டிரைவரைப் பிரிண்டர் கம்பெனியின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கே எடுத்துப் போட வேண்டும். இதை ஒவ்வொரு சிஸ்டத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரு சிஸ்டத்துக்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

போர்ட் அமைப்புக்குள் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி டிக் போட்டிருக்கும். விண்டோஸ் அதன் வழியாகப் பிரிண்டரிடம் "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சில பிரிண்டர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது, உடனே விண்டோஸ் ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடும். 'இருக்கிறாயா' என்று நெட்வொர்க்கில் சோதிக்கிற பிங் கட்டளை கொடுத்தால் பதில் வருகிறது, பிரவுசரில் முகவரியை அடித்தால் பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்து டோனர் அளவைக்கூடக் காட்டுகிறது, ஆனால் விண்டோஸ் மட்டும் ஆஃப்லைன் என்கிறது என்றால், அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள். பல ஆபீஸில் வேலையே அவ்வளவுதான் இருந்திருக்கிறது.

பழைய பெயர்களை அழிப்பதும் முக்கியம். ஒவ்வொரு முறை யாரோ வந்து சேர்த்ததில் 'காப்பி 1', 'காப்பி 2' என்று ஒரே பிரிண்டர் மூன்று பெயரில் இருக்கும். உயிரோடு இருப்பது ஒன்றுதான். அதோடு, டீபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓர் அமைப்பு 2015இலிருந்து இருக்கிறது. கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தோமோ அதையே டீபால்ட்டாக்கிவிடும். நேற்று ஒருமுறை பிடிஎஃப் ஆகச் சேமித்ததால், இன்றைக்குக் கொடுத்ததெல்லாம் பிடிஎஃப் கேட்டு நிற்கும். அதை நிறுத்திவிட்டு, கையால் ஒன்றைத் தேர்ந்து வையுங்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். செட்டிநாட்டுக்கென்று ஒரு பிரச்சினை உண்டு, அது வீடு. இங்கே பல ஆபீஸ்கள் பழைய வீட்டின் முகப்பில் நடக்கின்றன. ஆடிட்டர், டிரஸ்ட் ஆபீஸ், டிராவல்ஸ், ஹெரிடேஜ் ஹோட்டல் என்று பலதும் அப்படி. தெரு வாசலிலிருந்து முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு என்று போய், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கிற நீளமான வீடுகள். கனமான செங்கல் சுவர். வைஃபை முகப்பில் முழுக் கோடும் காட்டும். இரண்டு சுவர் தாண்டினால் ஒரு கோடு, அதற்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. நிறையப் பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும் என்பதால், ரவுட்டரை 5இல் மட்டும் வைத்தால் அதுவும் போச்சு.

தேவகோட்டையில் அப்படி ஒரு வீட்டில் வேலை. ரவுட்டர் முகப்பில், பிரிண்டர் வளவுக்கு அந்தப் பக்கத்து அறையில். வீட்டுக்காரர் ஆச்சி நான் ஏணியை எடுத்ததுமே வந்து நின்றுகொண்டார். "தம்பி, ஆணி மட்டும் அடிச்சுராதீக. இந்தச் சுவரு இப்பப் பூசச் சொன்னா யாரு பூசுவா?" என்றார். கையை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த பூச்சு, கண்ணாடி மாதிரி வழவழப்பு, வெயிலிலும் குளிர்ச்சி. டிரில்லரை வைத்தால் ஓட்டை மட்டும் விழாது, சுற்றிலும் பத்தையாகப் பெயரும். அதை ஒட்டவைக்கத் தெரிந்த கொத்தனார் இப்போது அபூர்வம். ஆச்சி சொன்னது முழுக்க முழுக்கச் சரி.

அந்த வீட்டில் சுவரையே தொடவில்லை. முகப்பிலிருந்து வருகிற பழைய கரண்ட் வயருக்கு மரச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. கரண்ட் வயரோடு நெட்வொர்க் கேபிளைச் சேர்த்துக் கொண்டுபோகக் கூடாது, அதனால் நிலைக்கு மேலே எதிர்ப்பக்கமாக வந்தேன். வளவைச் சுற்றி ஓட்டுச் சாய்ப்பைத் தாங்குகிற உத்திரத்தின் மேல்முகம் கீழே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. அங்கே கேபிளைக் கிடத்தி, பருத்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டினேன். வெயிலும் சாரலும் படுகிற இடம் என்பதால் வெளிப்புறத்துக்கு என்றே வருகிற கறுப்பு உறை போட்ட கேட்6 கேபிள். சாதாரண கேபிளின் உறை வெயிலில் வெடித்துவிடும். ஒரு கேபிள் ஓட்டத்துக்கு 100 மீட்டர்தான் எல்லை. வளவைச் சுற்றி வந்தும் அந்த வீட்டில் அதற்குள் தாராளமாக அடங்கியது. திறந்த வெளியில் நேர் குறுக்காகக் கேபிளை இழுக்கவே இழுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு ரவுட்டரும் பிரிண்டரும் சேர்ந்து போகும்.

பிரிண்டரை ரவுட்டர் பக்கத்திலேயே வைக்க முடிந்தால் இந்த வேலையே இல்லை. நான் முதலில் அதைத்தான் கேட்பேன். பிரிண்டரை நகர்த்துவது சுவரை உடைப்பதைவிட எப்போதும் சுலபம்.

கரண்ட் பற்றி இன்னொன்று. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். உள்ளே டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கிற பகுதி சூடாகும்போது திடீரென்று நிறைய மின்சாரம் இழுக்கும். சின்ன யுபிஎஸ் அதைத் தாங்காமல் மொத்தமாக நின்றுபோகும். அதோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருந்த கணக்கும் போகும். ரவுட்டரும் சுவிட்ச்சும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும், லேசர் பிரிண்டர் சுவரில் இருக்கட்டும்.

பேப்பர் அளவையும் ஒருமுறை எல்லா சிஸ்டத்திலும் பார்த்துவிடுங்கள். பல டிரைவர்கள் அமெரிக்க 'லெட்டர்' அளவோடு வரும். தட்டில் ஏ4 இருக்கும், பிரிண்டர் லெட்டர் பேப்பர் கேட்டு விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் வந்த எல்லோர் வேலையும் அதன் பின்னே வரிசையில் மாட்டிக்கொள்ளும். பத்திரம் எழுதுகிற ஆபீஸில் லீகல் பேப்பரும் வேண்டும். அங்கே ஒரே பிரிண்டரை 'ஏ4', 'லீகல்' என்று இரண்டு பெயரில் சேர்த்து, இரண்டும் அதே முகவரிக்குப் போகிற மாதிரி வைத்துக் கொடுப்பேன். டைப் அடிக்கிற அக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் அமைப்பை மாற்ற வேண்டிய வேலை மிச்சம்.

தமிழ் எழுத்து வேறு கதை. பழைய எழுத்துருவில் அடித்த பைல் அடுத்த சிஸ்டத்தில் கிறுக்கலாக வந்தால், அது பிரிண்டர் கோளாறு இல்லை, அந்த எழுத்துரு அந்த சிஸ்டத்தில் இல்லை. அடித்த சிஸ்டத்திலேயே பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும், எங்கே அச்சடித்தாலும் சரியாக வரும். புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். 2010இலேயே தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றுக்கொண்டாயிற்று.

ஹெரிடேஜ் ஹோட்டல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான் பக்கம் தங்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அதே வைஃபையில்தான் பல இடங்களில் ஆபீஸ் பிரிண்டரும் இருக்கிறது. தங்கியிருக்கிற யாரும் போனிலிருந்து அதில் பிரிண்ட் கொடுக்கலாம். பிரவுசரில் முகவரியை அடித்தால் பிரிண்டரின் பக்கமும் திறக்கும். அதற்குப் பாஸ்வேர்டு போடாமலோ, பெட்டியில் வந்த பாஸ்வேர்டை மாற்றாமலோ விட்டிருந்தால், ஸ்கேன் செய்து அனுப்புகிற மெயில் விவரம் வரை பார்த்துவிடலாம். விருந்தினருடைய பாஸ்போர்ட் நகலை எடுக்கிற இயந்திரம் அது. விருந்தினருக்குக் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாகப் பிரித்துக் கொடுங்கள், இன்றைய ரவுட்டர் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. பிரிண்டரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளியூரிலிருந்து பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று ரவுட்டரில் 9100 போர்ட்டை (பிரிண்டர் வேலையை வாங்கிக்கொள்கிற வாசலை) வெளியே திறந்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதைத் திறந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் பிரிண்டருக்குத் தாள் அனுப்பலாம்.

புதிதாகப் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள், பின்பக்கம் லேன் கேபிள் சொருகுகிற ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வைஃபை மட்டும் உள்ளதைவிட இது மேல். அடுத்து ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பிரிண்ட் இருந்தால் ஐபோனிலிருந்தும், மோப்ரியா இருந்தால் ஆண்ட்ராய்டு போனிலிருந்தும் புது விண்டோஸிலிருந்தும் தனி டிரைவர் இல்லாமலேயே அச்சடிக்கும். பிரிண்டர் கம்பெனிகளின் தனி டிரைவர்களை அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக 2023 செப்டம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. போகிற திசை அதுதான்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு வேலை பாக்கி, அதை எந்த ஆபீஸிலும் நான் விடுவதில்லை. ஒரு தாளில் பிரிண்டரின் மாடல், முகவரி, ரவுட்டரின் முகவரி, நூறிலிருந்து என்று கட்டிய வரம்பு, டிரைவர் பெயர், கேபிள் எந்த வழியாகப் போகிறது, எந்தத் தேதியில் செய்தது என்று எழுதுவேன். அதையே அச்சடித்து, ஒன்றைப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டுவேன், ஒன்றை ஆபீஸ் பைலில் போடுவேன். பாஸ்வேர்டுகள் ஒட்டுகிற தாளில் இருக்காது, உறையில் போட்டு முதலாளியிடம் கொடுப்பேன். பர்மா, சிலோன், மலாயா என்று மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஏஜெண்டுகள், அடுத்து வருகிறவர் கையில் பேரேட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பிய மண் இது. ஐந்தொகை (சொத்து, கடன் நிலைக் கணக்கு) பார்க்கத் தெரிந்த ஊரில், பிரிண்டர் விவரம் சர்வீஸ்காரன் மூளையில் மட்டும் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. நான் இல்லாத நாளில் வேறு யார் வந்தாலும் அந்தத் தாளைப் பார்த்து வேலையைத் தொடர முடிய வேண்டும். "இப்படி எழுதிக் கொடுத்தா உங்களை யார் கூப்பிடுவா?" என்று கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்த ஆபீஸ்கள்தான் அடுத்த வேலைக்கும் கூப்பிடுகின்றன.

யுஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டர் நல்ல நிலையில் இருக்கிறது, மாற்ற மனமில்லை என்றால், சின்னதாகப் பிரிண்ட் சர்வர் என்று ஒரு கருவி கிடைக்கிறது. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறு பக்கம் லேன். உங்கள் மாடலுக்கு ஒத்துவருமா என்று கடையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். விலை மலிந்த லேசர்களும் ஸ்கேனரோடு வருகிறவையும் சில நேரம் அதில் சரியாக ஓடாது. அதுவும் முடியாதென்றால் ஷேரிங்தான். அப்போது யாருடைய மேஜையிலும் இல்லாத ஒரு பழைய சிஸ்டத்தை அதற்கென்று ஒதுக்குங்கள், தூங்காமல் இருக்கும்படி வையுங்கள், அப்டேட்களை நிறுத்தாதீர்கள், பிரிண்டுக்கென்று பாஸ்வேர்டோடு ஒரு தனிக் கணக்கு திறந்து எல்லோரும் அதில் வரட்டும்.

நகை அடகுக் கடைகளில் சீட்டு அடிக்கிற டாட் மேட்ரிக்ஸை மட்டும் நான் நெட்வொர்க்கில் சேர்க்கச் சொல்வதில்லை. கார்பன் நகலோடு சீட்டு அதில்தான் வரும், கவுண்டரில் இருக்கிற ஒருவர்தான் எடுப்பார், கட்சிக்காரர் எதிரில் நிற்கும்போதே கிழித்துக் கையில் கொடுக்க வேண்டும். அது அந்தக் கவுண்டர் சிஸ்டத்திலேயே கேபிளோடு இருக்கட்டும். ரிப்பனை மட்டும் எழுத்து மங்குவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள். அடகுச் சீட்டில் கிராம் கணக்கு தெளிவாகத் தெரிய வேண்டும்.